வயலில் தவறும் மெண்டல் கணக்கு

மக்காச்சோளச் செடியின் இலையுறையிலும் கதிரின் மேல்தோலிலும் ஊதா நிறம் ஏறுவதற்குப் பி1 என்ற மரபணு காரணம். அதன் பி-ஐ வடிவம் செடியை அடர் ஊதாவாக்கும்; பி-பிரைம் வடிவம் வெளிறிய சாயலோடு நின்றுவிடும். இரண்டின் டிஎன்ஏ எழுத்து வரிசையும் ஒன்றே.

இவ்விரண்டையும் கலந்தால் முதல் தலைமுறை முழுவதும் வெளிறியே வரும். பி-பிரைம் ஓங்கு பண்பு என்று அதைக் கொள்ளலாம். அப்படியானால் அக்கலப்பினத்தைத் தன்மகரந்தச் சேர்க்கை செய்தால் மெண்டல் விதிப்படி நான்கில் ஒரு பங்காவது அடர் ஊதாவாக வரவேண்டும். ஆனால் அப்படி ஒரு செடியும் வருவதில்லை. கலப்பினத்துக்குள் பி-ஐ தானே பி-பிரைமாக மாறிவிடுகிறது. மாறியது அடுத்த கலப்பில் இன்னொரு பி-ஐயையும் மாற்றும். பாராமியூட்டேஷன் எனப்படும் இதை விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் அலெக்சாண்டர் பிரிங்க் 1956இல் விதை நிறத்துக்கான ஆர் மரபணுவில் விவரித்தார். எட்வர்ட் கோ 1959இல் பி மரபணுவில் காட்டினார்.

இத்தகைய முடிவைக் கண்டதும் முதலில் சந்தேகிக்க வேண்டியது அயல் மகரந்தத்தைத்தான். அதனால் கலப்பு செய்யும் கை சுத்தமாக இருந்தாக வேண்டும். பட்டிழை வெளிவருமுன்பே இளங்கதிருக்குப் பை மாட்டப்படுகிறது. சேர்க்கைக்கு முந்தின நாள் கதிரின் நுனியைச் சீவிவிட்டால், மறுநாள் பட்டிழைகள் ஒரே மட்டமாக, தூரிகை போல நீண்டு நிற்கும். நுனி சீவும் நாளிலேயே ஆண் பூங்கொத்துக்கும் பை கட்டிவிட வேண்டும். அதன்மேல் ஏற்கெனவே படிந்த வேற்று மகரந்தம் காலைக்குள் செத்துவிடும். இவ்வளவு கவனித்தும் ஊதா திரும்பவில்லை என்றால்தான் எபிஜெனெடிக் மரபை, அதாவது டிஎன்ஏ எழுத்து மாறாமலே தலைமுறை கடக்கும் மாற்றத்தை, பற்றிப் பேசலாம்.

இம்மாற்றத்தின் இருப்பிடம் பி1 மரபணுவிலிருந்து சுமார் 1,00,000 டிஎன்ஏ கார இணைகள் தள்ளி இருக்கிறது. அங்கே 853 இணைகள் கொண்ட துண்டு ஏழு முறை அடுத்தடுத்து வருகிறது. பி-பிரைமில் இத்துண்டுகளில் மெத்தில் குறிகள் மிகுதி. சிற்றளவு ஆர்என்ஏக்களை உருவாக்க உதவும் மாப்1 மரபணு பழுதானால் பி-பிரைம் செடியும் அடர் ஊதாவாகிறது. ஆனால் அடுத்த கலப்பில் பழுதற்ற மாப்1 வந்து சேர்ந்ததும் நிறம் மீண்டும் வெளிறிவிடுகிறது.

பி-ஐ வித்தைக் காப்பது இதனால் கடினமான வேலை. கலப்பே இல்லாமலும் அது அவ்வப்போது தானாகப் பி-பிரைமாக மாறும், மறுதிசையில் திரும்பாது. ஆகவே ஒவ்வொரு பட்டத்திலும் அடர்ந்த ஊதாச் செடிகள் மட்டுமே விதைக்கு நிறுத்தப்படுகின்றன. வெளிறியவற்றின் ஆண் பூங்கொத்துகளைப் பூந்தூள் உதிருமுன் ஒடித்துவிட வேண்டும்.