ஷீஃப் ஆற்றங்கரைப் பட்டறை

அன்புள்ள சேகர்,

ஷெஃபீல்டில் நான் தேடிப்போய்ப் பார்த்தது ஒரு பழைய கொல்லுப்பட்டறை. ஊரின் தென்மேற்கே ஷீஃப் என்ற சிற்றாறு ஓடுகிறது. அதன் தண்ணீரைத் தேக்கி, நான்கு சக்கரங்களைச் சுற்ற விட்டிருக்கிறார்கள். இடத்தின் பெயர் ஆபிடேல். நீண்ட காம்பைப் பிடித்து, நின்றபடியே வீசிப் புல்லறுக்கும் பெரிய அரிவாள்தான் இங்கே முக்கியச் சரக்கு. 1933-இல் வேலை நின்றது. 1970 முதல் அருங்காட்சியகம்.

சம்மட்டிக் கூடம் 1785-இல் கட்டியது. சக்கரத்தோடு சுழலும் பற்கள் சம்மட்டியின் வாலை அழுத்தும், தலை எழும்பும். பல் விலகியதும் விழும். இரண்டு தேனிரும்புப் பட்டைகளுக்கு நடுவே எஃகை வைத்து இந்த அடியில்தான் ஒட்டவைத்தார்கள். வெட்டுவது எஃகு, அது ஒடியாமல் காப்பது தேனிரும்பு.

அந்த எஃகையும் இங்கேயே மூசையில் உருக்கினார்கள். 1740-களில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் இதே ஊரில் கண்ட வழி அது. நம் கொங்கு நாட்டுக் கொல்லர்கள் அதற்கு எத்தனையோ நூற்றாண்டு முன்பே மண் மூசையில் எஃகு செய்தவர்கள் என்ற பெருமிதம் எனக்குள் எட்டிப் பார்க்கத்தான் செய்தது. ஆனால் நம்மவர்கள் எஃகை மூசைக்குள்ளேயே ஆறவிட்டார்கள். இவர்கள் தண்ணீராய் உருக்கி அச்சில் ஊற்றினார்கள். மூசைக்கான களிமண்ணை வெறுங்காலால் மணிக்கணக்கில் மிதிக்க ஓர் ஆள். உலையிலிருந்து மூசையைத் தூக்குபவர், கால் வெந்துபோகாமலிருக்க ஈரச் சாக்கைச் சுற்றிக்கொள்வார். பட்டறை மூடிய பிறகும் இரண்டாம் உலகப் போரில் எஃகு தேவைப்பட்டு இந்த உலையை மறுபடி மூட்டியிருக்கிறார்கள்.

எனக்குக் கால் நகராமல் போனது சாணைக் கூடத்தில். இங்கே சாணைக்கல்லை நனைத்துத் தீட்டியதால் தூசி குறைவு. ஆனாலும் சுழலும் கல் பிளந்தால் எதிரில் இருப்பவர் பிழைப்பது அரிது. ஊருக்குள் முள்கரண்டியைக் காய்ந்த கல்லில் தீட்டியவர்கள் நிலை இன்னும் மோசம். நுரையீரலில் தூசி அடைந்து, பலர் நாற்பதைத் தொடவில்லை. அப்படிப்பட்ட தொழிலில் சங்கம் இல்லாமல் எப்படி? 1842-இல், சங்கத்தில் சேராத ஆட்களை முதலாளி வேலைக்கு வைத்தார் என்று இதே சாணைக் கூடத்தை வெடிமருந்து வைத்துத் தகர்த்திருக்கிறார்கள். வெடி வைத்ததை நியாயம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் கோபம் புரிகிறது.

நீ வந்தால் சம்மட்டியை வேடிக்கை பார்த்ததோடு திரும்பிவிடாதே, சாணைக் கூடத்துக்கும் போ.

அன்புடன்,
ராகவன்