திப்பு சுல்தான் வீழ்ந்த இடத்தில் ஒரு கல்



மைசூருக்குச் சுற்றுலா போய் வராத குடும்பம் நம்மிடையே குறைவு. அரண்மனையும் மிருகக்காட்சி சாலையும் பிருந்தாவனமும் பார்த்தபின், வழியிலுள்ள ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குவது வழக்கம். எங்கள் வேன் ஓட்டுநரும் அவ்வளவு நேரமே தந்தார். அந்த அவசரத்தில் ஒரு கல்லை நாங்கள் பார்க்காமலே கடந்து விட்டோம். என் இளைய மகன்தான் பின்னால் நின்று கூப்பிட்டான்.

சாலையோரம் சிறு வேலியடைத்த ஓரிடம். நடுவே மேடை மீது ஒரு கற்பலகை. அதில் ஆங்கிலத்தில் ஒரே வரி: திப்பு சுல்தானின் உடல் இங்கே கண்டெடுக்கப்பட்டது என்பது அதன் பொருள். “இவ்வளவுதானா அத்தா?” என்று கேட்டான் மகன். அந்தக் கேள்விக்கு விடை சொல்ல, வேன்காரரிடம் மேலும் ஒரு மணி நேரம் கடன் கேட்க வேண்டியதாயிற்று.

அந்த வரியைச் சற்று நிதானமாகப் படித்துப் பாருங்கள். இங்கே போரிட்டார் என்றோ, ஷஹீதானார் என்றோ அதில் இல்லை. “கண்டெடுக்கப்பட்டது” என்பது தேடியவர்களின் சொல். தீவட்டி வெளிச்சத்தில் பிணக்குவியலைப் புரட்டிப் பார்த்தவர்களின் பார்வையில் நின்று அந்தக் கல் பேசுகிறது.

1799 மே 4, சனிக்கிழமை. காவிரியில் நீர் வற்றியிருந்த கோடை. மழை தொடங்கி ஆறு பெருகிவிட்டால் முற்றுகை வீணாகும் என்பது ஜெனரல் ஹாரிஸின் கவலை. பீரங்கிகளால் கோட்டையின் வடமேற்கு மூலையை உடைத்தபின், பகல் ஒரு மணியளவில், வெயில் உச்சத்தில் கோட்டைக்குள் இருப்போர் அயர்ந்திருக்கும் வேளை பார்த்து, அவருடைய படை ஆற்றில் இறங்கியது. முன்னின்று நடத்தியவர் டேவிட் பேர்ட். நம் காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள பொள்ளிலூரில் 1780இல் ஹைதர் அலியும் திப்புவும் ஆங்கிலப் படையை முறியடித்தபோது பிடிபட்டு, இதே ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஆண்டுக் கணக்கில் சிறையிருந்தவர் அவர். அந்தப் பொள்ளிலூர் வெற்றியைத் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் திப்பு ஓவியமாகத் தீட்டச் செய்தார். அதை இன்றும் காணலாம்.

தளபதி சையத் கஃபார் பீரங்கிக் குண்டுக்குப் பலியானார் என்ற செய்தி வந்தபோது சுல்தான் பகலுணவில் இருந்தார். பாதியில் எழுந்தவர் திரும்பவில்லை. சம்பளம் தருவதாகச் சொல்லி மீர் சாதிக் படைவீரர்களை மதிலிலிருந்து விலக்கினான் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. அவனை அன்றே சொந்த வீரர்கள் வெட்டிச் சாய்த்தனர் என்றும் சொல்வர். துரோகியின் பெயர் ஊர் ஊராக வாழ்வதும், உயிரைக் கொடுத்த கஃபாரின் பெயர் பலருக்குத் தெரியாமல் போனதும் எனக்கு உறுத்தலாகவே இருந்து வருகிறது.

சுல்தானைக் கண்டெடுத்தவர்களில் ஒருவரான மேஜர் ஆலன் தாம் பார்த்ததை எழுதி வைத்தார். வெண்ணிறச் சட்டை, பூப்போட்ட சீட்டியில் தளர்ந்த கால்சட்டை, இடுப்பில் செந்நிறத் துணி. தலைப்பாகை விழுந்து விட்டது. உடலில் மூன்று காயங்கள், நெற்றிப்பொட்டில் ஒன்று. கையில் தாயத்து இருந்தது. நகை எதுவும் இல்லை. கண்கள் திறந்திருந்தன. உடல் சூடு தணியாததால் உயிர் இருக்கிறதோ என்று ஆலனும், உடனிருந்த கர்னல் வெல்லெஸ்லியும் ஒரு கணம் ஐயுற்றனராம். பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற வெல்லிங்டன் பிரபு இவரே. இதை நான் சொல்லச் சொல்ல மகன் அந்த மேடையைத் தொட்டுப் பார்த்தான்.

கோட்டையின் மேற்கு ஓரத்தில், மதில் உடைக்கப்பட்ட பகுதிக்கருகே, இன்னொரு நினைவுச் சின்னம் நிற்கிறது. இது உயர்ந்த தூண். 1907இல் மைசூர் அரசாங்கம் நிறுவியது. முற்றுகையில் இறந்த ஆங்கில அதிகாரிகளின் பெயர்கள் இதில் பொறிக்கப்பட்டுள்ளன. இறந்தவர்களை நினைப்பதில் குறை காண வேண்டியதில்லை. அவர்களையும் பெற்ற தாய்மார் இருந்தனர். எனினும் அதே நாளில் அதே மதிலைக் காத்து மாண்ட ஆயிரக்கணக்கான நம் நாட்டு வீரர்களில் ஒருவர் பெயர்கூட அந்தத் தூணில் இல்லை. மகன் ஒவ்வொரு பெயராக எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, “நம்ம ஆளுங்க பேரு?” என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை.

அடுத்து கும்பஸ் சென்றோம். தம் தந்தைக்காகத் திப்பு கட்டிய அடக்கஸ்தலத்தில், தந்தைக்கும் தாய் ஃபக்ருன்னிஸாவுக்கும் பக்கத்திலேயே அவரும் மே 5 அன்று அடக்கப்பட்டார். அந்த மாலை இடியும் மழையுமாகப் பெரும் புயல் அடித்தது என்று ஆங்கிலேயரே எழுதியுள்ளனர். கருங்கல் தூண்களைத் தாண்டி உள்ளே போகும்போது, தந்தம் இழைத்த கருங்காலிக் கதவுகளைப் பாருங்கள். அவை டல்ஹவுசி பிரபு அளித்தவை என்பர். எந்தக் கம்பெனி கொன்றதோ அதே கம்பெனியின் கவர்னர் ஜெனரல்! ஃபாத்திஹா ஓதிவிட்டு வெளியே வந்தபோது ஓட்டுநர் ஹாரனை அடித்துக் கொண்டிருந்தார்.

பெங்களூர், கிருஷ்ணகிரி, ஆம்பூர் வழியாகச் சென்னை திரும்பும்போது இந்த வரலாறு உங்களுடனேயே வரும். சுல்தானின் மக்களை ஆங்கிலேயர் வேலூர்க் கோட்டையில்தான் வைத்திருந்தனர். 1806 ஜூலை 10 அதிகாலையில் அங்கே சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்து, திப்புவின் புலிவரிக் கொடியை ஏற்றினர். அன்றே அடக்கப்பட்ட அந்த எழுச்சியில் நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் மாண்டனர். இளவரசர்கள் அதன்பின் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டனர். அந்த வீரர்களுக்காக வேலூர் மக்கான் சந்திப்பில் ஒரு தூண் எழுப்பப்பட்டுள்ளது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மஃரிபு நேரம் நெருங்கிவிட்டது. பஸ்களும் ஆட்டோக்களும் அதைச் சுற்றி ஓடிக் கொண்டிருந்தன. இம்முறை ஓட்டுநர் தாமாகவே வண்டியை ஓரங்கட்டினார். மகன் முதலில் இறங்கினான்.