சுவரில் முளைத்த பெரணி



ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் பால்கோவா, ராஜபாளையம் என்றால் நாய் என்பார்கள் வெளியூர்க்காரர்கள். இரண்டு ஊரிலும் யாரும் கண்டுகொள்ளாத ஒன்று உண்டு. பழைய கல் சுவர்களிலும் கிணற்றின் உள்பக்கத்திலும் தானாக முளைக்கும் பெரணி.

பாடத்தில் பெரணி வந்தால், அது ஊட்டியில்தான் இருக்கும் என்று பிள்ளைகள் நினைப்பார்கள். தெருக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய் இலையைத் திருப்பிக் காட்டுவேன். ஓரம் முழுக்கப் பழுப்புக் கோடு. அது விதையல்ல, ஸ்போர் என்னும் தூள். காற்றில் வந்து ஈரமான கல் இடுக்கில் விழுந்தால், நகத்தளவுகூட இல்லாத இதய வடிவப் பச்சைத் தகடாக முளைக்கும். அதன்மேல் நீர்ப்படலம் இருந்தால்தான் ஆணணு நீந்திப்போய்க் கருவுறும். அப்புறம்தான் நாம் பார்க்கும் செடி. நம் வெயிலூரில் அதற்குக் கிணறும், புழக்கடைச் சுவரும், ஐப்பசி கார்த்திகை மழையும்தான் கதி.

சுவரில் அதிகம் காண்பது டெரிஸ் விட்டாட்டா என்னும் வகை. சுண்ணாம்பு அதற்குப் பிடிக்கும், அதனால் பழைய காரைச் சுவர் அதற்கு வீடு. இது மண்ணிலுள்ள ஆர்சனிக் நஞ்சை உறிஞ்சி இலையில் சேர்த்து வைக்கும் என்று 2001இல் ஃபுளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நேச்சர் இதழில் எழுதினார்கள். ஆகவே, மூலிகை என்று வாட்ஸ்அப்பில் வந்தால் நம்பிக் கஷாயம் வைத்துவிடாதீர்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் தெருக் கிணற்றில் பெரணியைச் சுரண்டிவிட்டு சிமெண்ட் பூசப் போகிறார்களாம். வேர் சுவரைப் பிளந்துவிடும் என்கிறார்கள். பிளப்பது அரசும் ஆலும். அவற்றின் வேர் பருத்துக் கல்லையே நகர்த்தும், கன்றிலேயே பிடுங்க வேண்டும். பெரணியின் வேர் மெல்லிய நார், பருக்காது. ஆனால் சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் பூசினால் உள்ளே போன ஈரம் வெளியேற வழியில்லாமல் காரைதான் உதிரும்.

வீட்டுச் சுவரில் பெரணி முளைத்தால் குழாய்க் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். கிணற்றில் முளைத்தால் விட்டுவிடுங்கள்.

வருகிற ஞாயிறு கொத்தனார் வருகிறார். பெயர்ந்த இடத்துக்குச் சுண்ணாம்புக் காரையே வைக்கலாம் என்று தெருக்காரர்களிடம் சொல்லியிருக்கிறேன். இரண்டு வீட்டார் சரி என்றார்கள், மற்றவர்கள் யோசிக்கிறார்கள்.

என்னிடம் படித்த பிள்ளைகளே, உங்கள் தெருச் சுவரில் பெரணி இருந்தால் படம் எடுத்துக் கமெண்டில் போடுங்கள். இலையைத் திருப்பி எடுக்க மறக்காதீர்கள்.