ஆறு நாள் அப்பியாசம்

கல்வி எதுவாயினும் ஆசிரியர் முன்னிலையிற் பெறுவது சிறிது. அவர் அருகில்லாத வேளையில் தாமே முயன்று உறுதிப்படுத்திக்கொள்வது பெரிது. பியானோ வாசிப்பின்கண் இவ்வுண்மை பின்னும் தெளிவாக விளங்கும். வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரமே ஆசிரியர் உடனிருப்பார். எஞ்சிய ஆறு நாளும் குழந்தை தனியே கட்டைகளின் முன் அமர்தல் வேண்டும். அவ்வாறு நாட்களை எங்ஙனம் பயன்படுத்துவது என்பது பற்றி எம் இல்லத்து அனுபவத்தினின்றும் சில கூறப் புகுகின்றோம். சங்கீதம் வல்லார் குறை காணின் பொறுத்தருள்வாராக.

யாம் வாழ்வது சிங்கப்பெருமாள் கோயில். பாடலாத்திரி நரசிம்மரின் குடைவரைக் கோயிலாற் பெயர்பெற்ற இவ்வூரில் நாகசுரமும் தவிலும் கேட்டுப் பழகிய செவிகள் பல. பியானோவைக் கண்ணுற்றோர் சிலர். எம் தங்கையின் மகள், பத்து வயதுச் சிறுமி, சனிக்கிழமைதோறும் மின்சார இரயிலேறி மறைமலைநகர், கூடுவாஞ்சேரி, வண்டலூர் இவற்றைக் கடந்து தாம்பரம் சென்று, ஓர் ஆசிரியையிடம் பாடங் கேட்டு மீள்கின்றாள். வீட்டில் இருப்பது 88 கட்டைகளையுடைய மின்னணுப் பியானோ. ஐங்கோட்டின்மேல் எழுதிய சுரக்குறிகளைப் படிக்க எம் வீட்டில் வேறொருவருக்கும் தெரியாது. இளமையில் யாம் கற்ற சரளி வரிசையும் அலங்காரமுமே எமக்குள்ள சங்கீத முதல்.

சிறுமி எழுதும் பரீட்சை இலண்டன் திரினிட்டிக் கல்லூரியினது. அக்கல்லூரி தோன்றியது 1872-ஆம் ஆண்டில். அதன் பரீட்சைகள் சென்னையில் நெடுங்காலமாக நடைபெற்று வருகின்றன. மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேனாட்டிசை பயின்ற இளையராஜா அவர்களும் இக்கல்லூரியின் கித்தார்ப் பரீட்சையில் தேறியவரே. பரீட்சகர் முன்னிலையில் வாசிக்கும் பியானோத் தேர்வுக்கு மொத்தம் 100 மதிப்பெண். மூன்று உருப்படிகளுக்கு, ஒன்றுக்கு 22 ஆக, 66. ஸ்கேல் முதலிய விரற்பயிற்சிக்கு 14. எழுதியதைப் பார்த்தவுடன் வாசித்தல், கேட்டறிந்து விடை கூறல் முதலிய துணைத் தேர்வுகளுள் இரண்டிற்குப் பப்பத்தாக 20. 60 பெற்றோர் தேறுவர். 75 பெற்றோர்க்கு மெரிட். 87 பெற்றோர்க்கு டிஸ்டிங்ஷன்.

இக்கணக்கைக் காணும் பெற்றோரின் மனம் அந்த 66-ஐயே பற்றி நிற்றல் இயல்பு. அதனால் விளையும் தீங்கை முந்திய தேர்வின்பின் யாம் நேரிற் கண்டோம். சிறுமி தேறிவிட்டாள், சான்றிதழும் வந்தது. பொங்கலுக்கு வந்த உறவினர், "ஏதேனும் வாசி, அம்மா" என்றனர். ஓராண்டாக வாசித்துச் சலித்த அம்மூன்று உருப்படிகளும் பாதி மறந்துபோயின. எளிய புதுத்தாள் ஒன்றை எடுத்து வைத்தபோது, முதற் சுரத்தை எந்தக் கட்டையில் தொடுவது என்றே அவளுக்குத் துணிவு பிறக்கவில்லை. கண்கலங்கி எழுந்து சென்றவள், "இனி வகுப்புக்குப் போகமாட்டேன்" என்றாள். சான்றிதழ் கையிலிருக்கச் சங்கீதம் கைவிட்டுப் போவதாயிற்று.

ஆசிரியை இதனைக் கேட்டுக் குழந்தையைக் கடிந்திலர். ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தில், அடுத்த சனிக்கிழமை வரை ஒவ்வொரு நாளும் செய்யத்தக்கதை எழுதிக் கொடுத்தனர். அது முதல் வாரந்தோறும் அவ்வாறே எழுதி வருகின்றனர்.

அதன் முதல் விதி, "தொடக்கத்திலிருந்து தொடங்காதே" என்பது. இஃது எமக்கு முதலில் வியப்பளித்தது. பின்னர் அதன் நியாயம் விளங்கிற்று. மாலைதோறும் யாம் கேட்டது யாது? முதலடியில் தொடங்குவாள், ஒன்பதாம் அடியில் விரல் தடுக்கும், மீண்டும் முதலடிக்கு ஓடுவாள், மீண்டும் ஒன்பதில் தடுக்கும். எட்டு அடிகள் நூறுமுறை பழகின. ஒன்பதாவதில் தடுக்குவதும் நூறுமுறை பழகிற்று. கை எதனைத் திரும்பத் திரும்பச் செய்கின்றதோ அதனையே கற்கும். இது சரி, இது பிழை என்னும் பேதம் அதற்கில்லை. ஆதலின் பழக்கம் தன்னளவில் நன்மையன்று. பிழையற்றதைப் பழகுதலே நன்மை.

எனவே ஞாயிறும் திங்களும் அந்த ஒன்பதாம் அடி ஒன்றே பாடம். வலக்கை தனியே, இடக்கை தனியே, பிழை நேர இயலாத அளவுக்கு மெதுவாக வாசித்தல் வேண்டும். செவ்வாயும் புதனும் இருகைகளையும் சேர்த்து, முன்னடியோடும் பின்னடியோடும் இணைத்து, மெட்ரோனோமின் தட்டுக்கு ஒப்ப வாசித்தல். வியாழனன்று உருப்படியின் கடைசிப் பகுதியிலிருந்து பின்னோக்கிப் பகுதி பகுதியாக வருதல். ஏனெனில் முடிவுப் பகுதியே எப்பொழுதும் குறைவாகப் பயிலப்படுவது. வெள்ளியன்று தாயார் பரீட்சகராய் அமர, நடுவில் நில்லாது ஒரே முறை முழுவதும் வாசித்தல். சரளி வரிசையை முதற்காலத்தில் நிலைநிறுத்திய பின்னரே இரண்டாங் காலத்துக்கு உயர்த்தும் எம் பழைய சிட்சையும் இதுவே அன்றோ? முறை நம்மவர்க்குப் புதிதன்று, வாத்தியமே புதிது.

நாள் ஒன்றுக்குக் காலம் அரைமணி. ஸ்கேலுக்கு ஐந்து நிமிடம், உருப்படிக்குப் பதினைந்து, புதுவரி வாசித்தலுக்கு ஐந்து, மனம்போல் வாசித்தற்கு ஐந்து. ஆறு நாளின் மூன்று மணியையும் வெள்ளி மாலை ஒன்றிலேயே செய்து முடித்தாலென்ன என்று சிறுமி வினவியதுண்டு. செருமானிய அறிஞர் எப்பிங்கௌஸ் 1885-இல் வெளியிட்ட நினைவாராய்ச்சி நூலில், ஒரே மூச்சில் பலமுறை பயில்வதினும் நாட்களிடையே பகிர்ந்து பயில்வது நன்கு நிலைக்கும் எனக் காட்டினார். நாள்தோறும் சோறுண்பவர் ஆறு நாட்சோற்றை ஒரு நாளில் உண்ண முயலார் என்று சிறுமியின் பாட்டி இதனையே வேறு வகையாற் கூறினார்.

புதுவரி வாசித்தலின் விதி உருப்படியின் விதிக்கு நேர்மாறானது. பரீட்சையில் முன்பின் அறியாத சில அடிகளைத் தந்து, பார்த்துக்கொள்ள அரை நிமிடம் அளிப்பர். வீட்டிலும் அவ்வண்ணமே அரை நிமிடம் கட்டையை அழுத்தாது கண்ணாற் படித்தல்; தாளம் யாது, எத்தனை சார்ப்பு, பிளாட்டு உள, கை எங்கே அமரும் என நோக்குதல்; தொடங்கிய பின் பிழை நேரினும் நில்லாது செல்லுதல். உருப்படியில் நின்று திருத்துக. புதுவரியில் நில்லாது நடக்க. இவ்விரண்டையும் மயங்கிச் செய்வோரே பலர்.

சங்கீதம் அறியாத பெற்றோர் செய்யத்தக்கதும் ஒன்றுண்டு. "எத்தனை முறை வாசித்தாய்?" என்று கேட்பதை யாம் விடுத்தோம். "இன்று எந்த அடி? எங்கே தடுக்கிற்று? எதனால்?" என்று கேட்கலானோம். மூன்றாம் வினாவுக்கு விடைகூறும் பொருட்டே சிறுமி தன் வாசிப்பைத் தானே செவிமடுக்கப் பழகினாள். ஆசிரியர் இல்லாத ஆறு நாளும் அவளுக்கு ஆசிரியர் அச்செவியே.

செவியை நம்புதற்கு மற்றொரு காரணமும் உண்டு. வயலின் வாசிப்போர் தம் கருவியைக் கையோடு கொண்டுசெல்வர். பியானோ வாசிப்போர்க்கு அவ்வாறு இயலாது. வீட்டு மின்கருவியின் கட்டைக்கும் ஆசிரியை வீட்டு மரப்பியானோவின் கட்டைக்கும் அழுத்தம் வேறு. ஐப்பசி அடைமழையில் மரம் ஈரமேறிக் கட்டை கனத்துவிடும். பரீட்சை மண்டபத்துப் பியானோ இவ்விரண்டின் வேறான மூன்றாவது. விரலின் பழக்கம் மட்டும் கொண்டு சென்றோர் ஆண்டுத் திகைப்பர். செவி உடையோர் இரண்டொரு சுரங்களிலேயே கையைத் திருத்திக்கொள்வர்.

இம்முறையில் எட்டுத் திங்கள் பயின்று எழுதிய அடுத்த பரீட்சையில் சிறுமி மெரிட் பெற்றாள். அதனினும் எமக்கு உவகை தந்தது அந்த இறுதி ஐந்து நிமிடத்தின் பயன். பாட்டி பாடும் தாலாட்டின் மெட்டை வலக்கையால் தேடித் தேடிக் கண்டுபிடித்து, தானே சில அடிச்சுரங்களை இடக்கைக்கு அமைத்துக்கொண்டாள். அதற்குப் பரீட்சையில் ஒரு மதிப்பெண்ணும் இல்லை. ஆயினும் வகுப்புக்குப் போகமாட்டேன் என்ற சொல்லை அவள் பின்னர் ஒருநாளும் கூறிற்றிலள்.

இராபர்ட் சூமன் என்னும் செருமானிய இசைஞர் 1848-இல் தம் மூத்த மகளின் ஏழாம் பிறந்தநாளுக்கென்று சில சிறு உருப்படிகள் இயற்றினார். அவையே பின் இளைஞர்க்குரிய தொகுதியாய் வளர்ந்தன. பெரிய இசைஞரும் குழந்தையின் கைக்கு எட்டுவதைத் தேடித் தந்தனர் என்பது நாம் கருதற்குரியது. மாணவ நேயர்காள், நாளை நும் தம்பி தங்கையரும் பின்னர் நும் மக்களும் இத்தகைய பரீட்சைகளை எழுதக்கூடும். அப்பொழுது அவர்தம் அரைமணியில் இருபத்தைந்து நிமிடத்தைப் பரீட்சைக்குத் தருக; ஐந்து நிமிடத்தைக் குழந்தைக்கே விட்டுவைக்க.