பொன்னாலைத் தாம்போதியில் ஒரு பாடம்

யாழ்ப்பாணத்திலிருந்து காரைநகருக்குச் செல்வோர் பொன்னாலையைக் கடந்ததும் சற்றே பேச்சை மறப்பர். இருமருங்கும் ஆழமற்ற கடல். நடுவே நீண்டு கிடக்கும் தாம்போதி. நீரிற் குத்திய வலைத்தடிகளின்மேல் நீர்க்காகங்கள் சிறகுலர்த்தும். சென்ற ஆவணி விடுமுறையில், குடும்பத்துடன் கசூரினாக் கடற்கரைக்குப் புறப்பட்ட எம்மை அங்கேயே நிறுத்தியது எமது கார். எண்ணெய் அழுத்தம் குறைந்ததைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது.

ஓட்டோக்காரர் ஒருவர் அழைத்து வந்த முதிய மெக்கானிக், எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து காட்டினார். உட்புறமெங்கும் தார்போன்ற கறுப்புக் களி.

“மாஸ்ரர், நாளுக்கு எவ்வளவு தூரம் ஓடுறியள்?”

“கல்லூரிக்கு ஒன்றரைக் கிலோமீற்றர், ஐயா. வண்டியை வருத்துவதேயில்லை.”

“அதுதான் வருத்தம்!” என்று சிரித்தார்.

எரிபொருள் எரியும்போது நீராவியும் உண்டாகிறது. அதில் ஒரு பகுதி பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே கசியும். எண்ணெய் நன்கு சூடேறினால் அந்த ஈரம் ஆவியாகி, காற்றோட்டக் குழாய் வழியே அகன்றுவிடும். சூடேறுமுன் நிறுத்தினாலோ, புகைக்கரியோடும் எரியாத பெற்றோலோடும் குழைந்து கசடாகும். யாழ்ப்பாணத்து வெயிலிலுமா என்று கேட்டேன். வெயில் வேறு, எஞ்சின் சூடு வேறு என்றார். காரின் கைநூலிலோ, இத்தனை கிலோமீற்றர் அல்லது இத்தனை மாதம், எது முந்துகிறதோ அப்போது எண்ணெயை மாற்றுக என்றிருக்கிறது. வினாவை முழுதும் வாசியுங்கள் என்று மாணவரைக் கடியும் நான், கிலோமீற்றரோடு நிறுத்திக்கொண்டேன். இரண்டாண்டாய் எண்ணெய் மாற்றவில்லை.

அவர் கற்றது 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில். பெற்றோல் கிடையாத அந்நாளில், ஒஸ்ரின் ஏ-40 கார்களைச் சில துளி பெற்றோலாற் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். முற்றாக எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவர்வழியே இறங்கி எஞ்சின் எண்ணெயை நீர்த்துப்போகச் செய்யும். “விடிய எழும்பினால் முதல் வேலை, அளவுகோலை இழுத்து விரலாலை தேய்ச்சு மணந்து பாக்கிறதுதான்” என்றார்.

வண்டியைக் கட்டியிழுத்துச் சென்றோம். அடித்தொட்டியைக் கழற்றியபோது, எண்ணெய் உறிஞ்சும் வலை பாதிக்குமேல் அடைபட்டிருந்தது. பெயறிங்குகள் தப்பியது எம் பாக்கியம். கழுவும் திரவம் ஊற்றினால் எளிதன்றோ என்றேன். பெயரும் கசடு வேறிடத்தை அடைக்கும் என்று மறுத்து, கையாலேயே துடைத்தார்.

அன்று கசூரினாவைக் காணவில்லை. இப்போது ஞாயிறுதோறும் காரைநகர் போய்வருகிறோம். எஞ்சினுக்காகத்தான் போகிறோம் என்று பிள்ளைகள் அயலவருக்குச் சொல்கிறார்கள்.