பெயருக்கு முன்னால் நிறம்

நாற்காலி என்றால் என்ன என்று குழந்தை கேட்டால் தொட்டுக் காட்டிவிடலாம். சிவப்பு என்றால்? சிவப்பை மட்டும் தனியே எடுத்து எப்படி நீட்டுவது? 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்த மாண்டிசோரி அம்மையார் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். ஒரே அளவில் சின்னச் சின்னப் பலகைகள். நிறம் மட்டும்தான் வேறு. முதல் பெட்டியில் சிவப்பு, மஞ்சள், நீலம், வகைக்கு இரண்டு. குழந்தை முதலில் ஜோடி சேர்க்க வேண்டும். பெயர் சொல்வதெல்லாம் பிறகுதான்.

தென்காசியில் ஒன்றாம் வகுப்பு நடத்தும் என் சித்தி மகளிடம் அந்தப் பெட்டி இல்லை. மஞ்சள் பொடியும் சுண்ணாம்பும் இருந்தன. ஆனிச் சாரலில் ஒரு நாள் அவள் வகுப்பில் போய் உட்கார்ந்தேன். கரைத்த மஞ்சளில் துளி சுண்ணாம்பு விழுந்ததும் தண்ணீர் சிவந்தது. "டீச்சர், ஆரத்தி!" என்று வகுப்பே கூவிற்று. சுண்ணாம்பு பட்டு விரல் வெந்துவிடாதபடி, குச்சி நுனியில் பஞ்சு சுற்றிக் கொடுத்துப் பூப்போடச் சொன்னாள்.

அடுத்தது, குற்றாலத்துக் கடையில் வாங்கிவந்த ரம்புட்டான். இலையோடு பார்த்து வரைய வேண்டும். ஒரு பையன் பழத்துக்கும் இலைக்கும் ஒரே கிரேயானைத் தீட்டியிருந்தான். பக்கத்துப் பெண் "மக்கு" என்று சிரித்தாள்.

அவள் அவனைக் கோபிக்கவில்லை. கிரேயான்களின் காகித உறைகளை உரித்துவிட்டு, இனம் பிரிக்கச் சொன்னாள். மஞ்சளும் நீலமும் பிசகாமல் பிரிந்தன. சிவப்பும் பச்சையும் பழுப்பும் ஒரே குவியலாயின.

"புத்தியில குறை இல்லண்ணே. கண்ணுதான் வேற மாதிரி" என்றாள் மெதுவாக.

இந்தக் குறை பெரும்பாலும் ஆண்பிள்ளைகளுக்கே வரும், வருவது தாய்வழியில். அவள் அவனுடைய அம்மாவை வரவழைத்து, கண் டாக்டரிடம் காட்டச் சொன்னாள். அந்த அம்மாள் வெகுநேரம் பேசாமல் நின்றாள்.

"எங்கப்பா மிளகாய் பறிக்கப் போனா காயும் பழமும் சேர்த்துத்தான் பறிப்பாக, டீச்சர். சோம்பேறின்னு ஊரே ஏசும். சாகிற மட்டும் ஏச்சுதான்."

ஒரு மனிதனின் ஆயுட்காலம் முழுவதும் நீடித்த அவப்பெயர், பேரனுக்கு ஆறு வயது முடியுமுன்பே கழிந்துவிட்டது. அதற்குச் செலவு ஒரு பெட்டி கிரேயான்.

மற்றக் குழந்தைகளுக்கு முதலில் நிறம், பிறகு பெயர். இவனுக்கு அந்த வரிசையை அவள் மாற்றிப் போட்டாள். ஒவ்வொரு கிரேயானிலும் காகிதம் சுற்றி முதலெழுத்தை எழுதிக் கொடுத்தாள். 'சி'யும் 'ப'வும் அந்த வகுப்பில் எல்லாருக்கும் முன்னால் படிக்கக் கற்றுக்கொண்டவன் அவன்தான்.