தோணியும் தவக்குலும்



இலண்டனில் தேம்ஸ் ஆற்றை அண்டி வாழும் நம் குடும்பத்துப் பிள்ளைகள் சிலர் எம் மத்ரஸாவில் ஓதுகின்றனர். அவர்களுள் ஒருவரின் தாயார் அண்மையில், "ஹஸ்ரத், மகன் தோணிச் சங்கத்தில் சேரக் கேட்கிறான். தண்ணீரை நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது. வேண்டாமென்று தடுத்துவிடலாமா?" என்று வினவினார்.

விடை கூறுமுன், டெடிங்டனில் ட்ரோலாக் தீவை ஒட்டியுள்ள ராயல் கனூ கிளப்பின் வரலாற்றைப் படித்தேன். 1866இல் அதனை நிறுவியவர் ஜான் மக்ரெகர் என்னும் ஸ்காட்லாந்து வழக்கறிஞர். 1825இல், பிறந்து ஐந்து வாரமே ஆன குழந்தையாக அவர் பயணம் செய்த 'கெண்ட்' கப்பல், இந்தியா நோக்கி வரும் வழியில் பிஸ்கே விரிகுடாவில் தீப்பற்றியது. உதவிக்கு வந்த 'காம்ப்ரியா' என்னும் கப்பல் அக்குழந்தையைக் காப்பாற்றியது. நீரின் ஆபத்திலிருந்து மீண்ட அவரே, 1865இல் 'ராப் ராய்' என்னும் சிறுதோணியில் தனியராக ஐரோப்பிய ஆறுகளில் பயணம் செய்தார். பின்னர் யோர்தான் நதியிலும் துடுப்பு வலித்தார். 1873இல் சங்கத்துக்கு 'ராயல்' என்னும் அடைமொழி கிட்டியது.

இத்தகைய சங்கங்களில் நாம் பார்க்க வேண்டியது கட்டடத்தின் அழகையன்று. புதியவர்க்கு எளிதில் கவிழாத அகன்ற தோணிகள், உடலுக்குப் பொருந்தும் மிதவை அங்கிகள், உடன்வரும் பயிற்றுநர் ஆகியன உண்டா என்பதையே பார்க்க வேண்டும். தேம்ஸின் நீரோட்டம் வலுக்கும்போது மதகுகளில் சிவப்புப் பலகை வைப்பர். அன்று தோணியை இறக்காமல் திரும்பிவரும் பொறுமையும் பயிற்சியின் பகுதியே.

நூஹ் (அலை) அவர்கள் இறைக்கட்டளைப்படி முதலில் மரக்கலத்தைக் கட்டினார்கள். பின்னரே அல்லாஹ்வின் பெயர் கூறி அதில் ஏறச் செய்தார்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பொறுப்புச் சாட்டுமாறு நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதைத் திர்மிதீ பதிவு செய்துள்ளார். நீச்சல் கற்பது வீணன்று என்னும் கருத்தமைந்த நபிமொழியை நஸயீ பதிவு செய்துள்ளார். ஆயத்தமின்றி ஆற்றில் இறக்குவது தவக்குல் ஆகாது. அஞ்சி, கற்கவே விடாமல் தடுப்பதும் தவக்குல் ஆகாது.

ஆகவே அத்தாயாரிடம், "முதலில் நீச்சல் கற்கட்டும். தொழுகை நேரத்துக்கும் மறைக்க வேண்டியதை மறைக்கும் உடைக்கும் இடமுண்டா என்று சங்கத்தாரிடம் கேளுங்கள். பிறகு பிஸ்மில்லாஹ் கூறி அனுப்புங்கள்" என்றேன்.

நீர்க்கரையில் வாழும் பெற்றோர் அனைவர்க்கும் என் வேண்டுகோளும் இதுவே. நம் பிள்ளைகளை நீரிலும் நிலத்திலும் அல்லாஹ் காத்தருள்வானாக. ஆமீன்.